மூன்று இரவு நற்செய்திக் கூட்டம் நடத்த: வேலூர் வட்டாரச் சபைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கூட்டம் வைப்பது என்று கமிட்டியில் முடிவானதும் முதலில் எழும் கேள்வி, "செய்தி கொடுக்க யாரைக் கூப்பிடலாம்?" அந்தக் கேள்வியை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். அதற்கு முன் ஒரு நோட்டில் 20 பேர் பெயரை எழுத வேண்டியிருக்கிறது. கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்து ஆறு வாரத்துக்கு, வாரம் இரண்டு மாலை, புதிதாக வந்தவர்களின் வீடுகளுக்குப் போகச் சம்மதித்தவர்களின் பெயர்கள் அவை. 20 பேர் தேறாவிட்டால் மைதானக் கூட்டத்தை விட்டுவிட்டு, நான்கு தெருக்களில் வீட்டுக் கூட்டம் வையுங்கள். செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, பலனும் குறையாது.

கீழே உள்ள கணக்கெல்லாம் 500 நாற்காலி போட்டு மூன்று இரவு நடக்கும் திறந்தவெளிக் கூட்டத்துக்கானவை. வேலை தொடங்க வேண்டியது 12 வாரம் முன்பு.

தேதியும் இடமும்

நம் பக்கத்துக்கு நல்ல காலம் பொங்கல் முடிந்த மறுவாரம் தொடங்கி பிப்ரவரி நடு வரைதான். மார்ச்சில் பொதுத்தேர்வு. படிக்கிற பிள்ளை உள்ள தெருவில் மைக் வைத்தால், கூட்டத்துக்கு வரவேண்டிய வீடே நம்மேல் மனத்தாங்கல் கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் இரவு 7 மணிக்கும் தரையிலிருந்து அனல் அடிக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால இடிமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை.

ரம்ஜான் மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்து வருகிறது. இப்போது அது பிப்ரவரியையும் மார்ச்சையும் ஒட்டி வருவதால், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் கூட்டம் வைப்பவர்கள் பிறை நாட்காட்டி பார்க்காமல் தேதி குறிக்கக் கூடாது. நோன்பு திறக்கும் நேரமும் இரவுத் தொழுகையும் உங்கள் கூட்ட நேரத்தோடு சரியாக மோதும். குடியாத்தம் வட்டாரத்தில் வைகாசி முதல் நாளையொட்டிய கெங்கையம்மன் சிரசு விழாவின்போது ஊரே தெருவில் நிற்கும், போலீசாரும் அங்கேதான் இருப்பார்கள். அந்த வாரத்தில் எந்தப் பொது நிகழ்ச்சிக்கும் மனு கொடுக்காதீர்கள்.

கிழமையில் பலரும் தவறு செய்கிறார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று வைப்பது வழக்கமாகிவிட்டது. அப்படி வைத்தால் கடைசி இரவுக்கு மறுநாள் திங்கட்கிழமை, புதிதாக வந்தவர் அடுத்த ஆராதனையைப் பார்க்க ஆறு நாள் காத்திருக்க வேண்டும். வியாழன், வெள்ளி, சனி என்று வையுங்கள். சனி இரவு விசுவாசிக்க விரும்பிக் கை உயர்த்தியவரை ஞாயிறு காலையே கூட்டிக்கொண்டு வரலாம்.

இடம் பார்க்கும்போது மூன்று விஷயம். ஒன்று, மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்க ஒலி மாசு விதிகளில் இடம் இருக்கிறது. மிஷன் பள்ளி மைதானம் நம்முடையதுதானே என்று நினைத்து நோட்டீஸ் அடித்த பிறகு, ஸ்டேஷனில் இந்தக் காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் தலைவலி. முதலில் கேட்டுவிடுங்கள். வேலூர் நகருக்குள் ஆஸ்பத்திரியை ஒட்டிய இடங்களை எண்ணவே வேண்டாம். இரண்டு, அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஊசூர் பக்கத்து கிராமங்களுக்குப் போகும் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று பஸ் ஸ்டாண்டில் விசாரித்து, கூட்டம் முடியும் நேரத்தை அதை வைத்துக் குறியுங்கள். மூன்று, பள்ளிகொண்டா, மாதனூர் வழியாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இடமாக இருந்தால், எதிர்ப்பக்கத்து ஊர்க்காரர்கள் இருட்டில் சாலையைக் கடந்து வருவார்கள். கடக்கும் இடத்தில் ஒளிரும் சட்டை போட்ட நான்கு பேரை டார்ச்சோடு நிறுத்த முடியாதென்றால் அந்த இடமே வேண்டாம்.

ஆலய வளாகமா, மைதானமா? நம்மவர்களை உயிர்ப்பிக்கும் எழுப்புதல் கூட்டம் என்றால் ஆலயமே போதும், மேடையும் பந்தலும் வீண் செலவு. பிற சமயத்து அயலகத்தாரைக் கூப்பிடுவதென்றால் பொது இடம். ஆலய கேட்டைத் தாண்டத் தயங்குகிறவர் மைதானத்து ஓரத்தில் பைக்கில் சாய்ந்தபடி முழுச் செய்தியையும் கேட்டுவிட்டுப் போவார். இரண்டையும் ஒரே கூட்டத்தில் செய்யப் பார்ப்பதால்தான் பல கூட்டங்கள் இரண்டுங்கெட்டானாகப் போகின்றன.

அனுமதிகள்

30 நாள் முன்பே மனுக்கள் போய்ச் சேர வேண்டும். காவல் நிலையத்துக்குக் கொடுக்கும் மனுவில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடத்தின் வரைபடம், இட உரிமையாளரின் சம்மதக் கடிதம், பேசுபவர்கள் பெயர், ஒலிபெருக்கியின் வகை, பொறுப்பாளர்கள் இருவரின் கைபேசி எண் இவ்வளவும் இருக்கட்டும். ஒலிபெருக்கி என்ற இடத்தில் "பாக்ஸ் வகை, கூம்பு இல்லை" என்று தெளிவாக எழுதுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி இடமானால் அவர்களிடமும், பந்தல் போடுவதற்குத் தீயணைப்பு நிலையத்திலும், தற்காலிக இணைப்புக்கு மின்வாரியத்திலும் தனித்தனி மனு. சாலையோரம் பேனர் வைக்கத் தனி அனுமதி வேண்டும். பேனரையே விட்டுவிடுவது இன்னும் நல்லது.

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அதே விதிப்படி, நிகழ்ச்சி நடக்கும் இடத்தின் எல்லையில் சத்தம் 75 டெசிபல் அல்லது அந்தப் பகுதிக்கு நிர்ணயித்த சுற்றுப்புறச் சத்த அளவைவிட 10 டெசிபல் கூடுதல், இதில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. கைபேசியில் டெசிபல் செயலி போட்டு ஒருவர் எல்லையில் நின்று அரை மணிக்கு ஒருமுறை குறித்து வைத்தால், புகார் வந்தால் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

வெளிநாட்டு ஊழியர் சுற்றுலா விசாவில் வந்திருந்தால் மேடையில் பிரசங்கிக்க வைக்காதீர்கள். அந்த விசாவில் அதற்கு அனுமதி இல்லை. மாட்டிக்கொள்வது அவர் மட்டுமல்ல, அழைத்த சபையும்தான்.

நோட்டீசில் "தீராத நோய்கள் தீரும்" என்ற வரி வேண்டாம். மந்திர சக்தியால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜெப எண்ணெய்க்கும் அப்படி எழுதி விற்றால் வம்பை விலை கொடுத்து வாங்குவதுதான். "உங்களுக்காக ஜெபிக்கப்படும்" என்று எழுதினால் போதும், அது உண்மையும்கூட.

ஆட்களை அழைப்பது

நோட்டீஸ் யாரையும் கூட்டி வராது. அழைக்கப் போகிறவர் கையில் கொடுக்க ஒரு காகிதம், அவ்வளவுதான். அந்திரேயா தன் சகோதரன் பேதுருவைக் கையோடு இயேசுவிடம் கூட்டி வந்தானே, அதுதான் முறை. எட்டு வாரம் முன்பு, ஞாயிறு ஆராதனையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சின்ன அட்டை ஒன்று கொடுத்து ஐந்து பெயர் எழுதச் சொல்லுங்கள்: பக்கத்து வீட்டுக்காரர், ஷூ கம்பெனியில் அதே வரிசையில் தைக்கும் தோழி, பால் ஊற்றுபவர், ஆட்டோக்காரர், பிள்ளையின் நண்பனுடைய அம்மா. ஏற்கெனவே வேறு சபைக்குப் போகிறவர் பெயர் எழுதக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். எவ்வளவு சொன்னாலும் பாதி அட்டையில் அதைத்தான் எழுதியிருப்பார்கள். திருப்பிக் கொடுத்து மாற்றி எழுத வைக்க வேண்டியது வார்டு பொறுப்பாளரின் வேலை.

அந்த ஐந்து பேரையும் கூட்டத்துக்கு முன் மூன்று முறை பார்க்க வேண்டும். முதல் முறை சும்மா நலம் விசாரிப்பு, இரண்டாம் முறை கூட்டத்தைப் பற்றிச் சொல்வது, மூன்றாம் முறை "நாளைக்கு 6 மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்க்கா, ரெடியா இருங்க" என்பது. இந்த மூன்றாவது வாக்கியம் இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண். 100 குடும்பம் உள்ள சபை இதை ஒழுங்காகச் செய்தால் 500 பெயர் கையில் இருக்கும். அதில் ஐந்தில் ஒருவர் வருவதாக வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

மற்ற சபைகளிலிருந்து வேன் வைத்து ஆள் கொண்டுவருவதைப் பற்றி ஒரு வார்த்தை. மைதானம் நிறையும், போட்டோவும் நன்றாக வரும். ஆனால் புதிதாக வருகிறவர் உட்கார இடமில்லாமல் ஓரத்தில் நின்று திரும்பிப் போவார்.

நோட்டீஸ் 2,000 போதும். எழுத்து பெரிதாக, இடத்துக்கு ஒரு அடையாளத்தோடு ("தண்ணீர் டேங்க் எதிரில்"), நேரம், பஸ் வழித்தடம், தொடர்பு எண் இருக்கட்டும். பேசுபவரின் பட்டங்கள் நான்கு வரி வேண்டாம். அச்சகத்தின் பெயரும் முகவரியும் அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். சித்தூர் சாலைப் பக்கம், காட்பாடியைத் தாண்டிய ஊர்களுக்கு 300 பிரதி தெலுங்கிலும் அடிக்கலாம்.

மருத்துவ முகாம்

1853ல் ஆற்காடு மிஷன் தொடங்கிய காலம் முதல் இந்தப் பகுதி மக்கள் திருச்சபையை அறிந்தது பெரும்பாலும் பள்ளிக்கூடமும் மருந்தும் வழியாகத்தான். கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை காலை சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை வைத்தால் ஊரோடு நல்ல பழக்கம் ஏற்படும். ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், சர்க்கரை பார்க்க 150 ஸ்ட்ரிப், விரலில் குத்த 150 லான்செட், இரண்டு பி.பி. மெஷின், குத்திய ஊசியைப் போட துளைபடாத வெள்ளை டப்பா ஒன்று. அந்த டப்பாவை யார் எடுத்துப்போய் முறைப்படி அழிப்பது என்று மருத்துவரிடம் முன்பே பேசி வையுங்கள், ஊர்க் குப்பையில் போகக் கூடாது. அளவு அதிகமாக இருப்பவருக்கு எண்ணை எழுதி, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சீட்டுக் கொடுத்து அனுப்புங்கள். மாத்திரை விநியோகம் வேண்டாம்.

முகாமில் பிரசங்கம் இல்லை, ஜெபம் கேட்டால் மட்டும். "ஊசி போட்டு மதம் மாத்தறாங்க" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கிற முகாம் மூன்று இரவுக் கூட்டத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

மேடை, மைக், மின்சாரம்

நாற்காலி ஒன்றுக்கு வழி விட்டுச் சேர்த்து 9 சதுர அடி. 500 பேருக்கு 4,500 சதுர அடி. நடுவில் 6 அடி வழி, பக்கங்களில் 4 அடி. மேடை 20க்கு 16 அடி, உயரம் மூன்றரை அடி. பின்னணி ஃப்ளெக்ஸ் பேனர் பெரிதாக இருந்தால் காற்றில் பாய்மரம் மாதிரி வேலை செய்யும். மேடையின் பின்சட்டம் சாய்வது பெரும்பாலும் இதனால்தான். ஃப்ளெக்ஸில் அங்கங்கே அரைவட்டமாக வெட்டிக் காற்றுப் போக்கு விடச் சொல்லுங்கள், சட்டத்தின் நான்கு மூலையிலிருந்தும் பின்னால் இழுத்துக் கட்டிய கயிறு இருக்கட்டும். பந்தல்காரர் "அதெல்லாம் தேவையில்லைங்க" என்பார். தேவை.

மின்சாரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் நீங்களே நின்று பாருங்கள். மிக்சர் மின்வாரிய லைனிலும், கீபோர்டும் கிட்டார் ஆம்ப்பும் ஜெனரேட்டர் லைனிலும் இருந்தால், கிட்டார் வாசித்தபடி பாடுகிறவரின் உதட்டில் மைக் சுள்ளென்று ஷாக் அடிக்கும், ஸ்பீக்கரில் "ஊம்" என்ற சத்தம் நிற்காது. இரண்டு லைனின் எர்த்தும் வேறு வேறாக இருப்பதுதான் காரணம். மேடையில் உள்ள எல்லாமே ஒரே போர்டிலிருந்து வர வேண்டும், மூன்றாவது பின் எந்த பிளக்கிலும் ஒடிந்திருக்கக் கூடாது, போர்டில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ட்ரிப்பர் (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்க வேண்டும். எர்த் கம்பி அடித்த இடத்தில் மாலை 4 மணிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், நம் செம்மண் காய்ந்து கிடக்கும். இந்த அளவுக் கூட்டத்துக்கு எல்இடி விளக்குகளோடு 25 கேவிஏ ஜெனரேட்டர் தாராளம். டீசல் முழுதாக நிரப்பி, மேடையிலிருந்து 100 அடி தள்ளி, காற்று மக்கள் பக்கம் வீசாத திசையில் நிறுத்துங்கள்.

பாக்ஸ்கள் மேடை விளிம்பில், பேசுகிறவருக்கு முன்னால். மைக் அவற்றுக்குப் பின்னால் இருந்தால் கீச்சிடாது. 100 அடிக்கு அப்பால் இரண்டாவது ஜோடி பாக்ஸ் வைத்தால் அதற்குச் சுமார் 90 மில்லி செகண்ட் டிலே (ஒலித் தாமதம்) போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பின்வரிசைக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். பாட்டுக்குப் போட்ட எக்கோவை செய்தி தொடங்கும்போது முழுவதும் அணைக்க வேண்டும். பாதிக் கூட்டங்களில் செய்தி புரியாமல் போவது இதனால்.

விளக்குகளை மேடைக்கு நேர் மேலே கட்டாதீர்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் ஈசல் முழுவதும் பேசுகிறவர் வாயில்தான். மைதானத்தின் பின்கோடியில் ஒரு பளிச்சென்ற வெள்ளை விளக்கைத் தனியாக எரிய விட்டு, மேடைக்கு மஞ்சள் விளக்கு போட்டால் பூச்சி அங்கே போய்விடும்.

தண்ணீர், தலைக்கு அரை லிட்டர் வீதம் இரவுக்கு 250 லிட்டர். 20 லிட்டர் கேன் 15 வாங்குங்கள். பெண்களுக்குக் கழிப்பறை ஐந்து, ஆண்களுக்கு மூன்று, போகும் வழியில் விளக்கு. பெண்களுக்கு இந்த வசதி இல்லாத கூட்டம் 8 மணிக்கே பாதி காலியாகிவிடும்.

மாலையின் ஓட்டம்

6.15க்குப் பாடல்கள், 6.45க்கு ஜெபம், வரவேற்பு இரண்டே நிமிடம், 7 மணிக்கு ஒரு சாட்சி, 7.20க்குச் செய்தி, 8.05க்கு அழைப்பு (விசுவாசிக்க, ஜெபிக்க விரும்புகிறவர்களை முன்வரச் சொல்வது), 8.45க்கு முடிவு. தோல் தொழிற்சாலை, ஷூ கம்பெனிகளிலிருந்து வருகிறவர்கள் வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வர 7 ஆகிவிடும். அவர்கள் உட்காரும் முன் செய்தியைத் தொடங்காதீர்கள். மேடைக்குப் பெரியவர்களை அழைத்துச் சால்வை போடும் படலம் 25 நிமிடத்தை விழுங்கும். அந்த மரியாதையை முதல் நாள் காலை தேநீரோடு ஆலயத்தில் முடித்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்போடு பேசுகிறவருக்கு 45 நிமிடம் என்றால் அவர் பேசுவது 22 நிமிடம்தான். இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "மீட்பு", "நீதிமானாக்கப்படுதல்", "இரத்தத்தால் கழுவப்பட்டு" போன்ற சொற்கள் நமக்குப் பழக்கம். அன்றுதான் முதன்முறை கேட்கிறவருக்கு அப்படியல்ல. பிற தெய்வங்களைக் குறித்து மேடையில் ஒரு சொல்லும் வரக்கூடாது என்பதைப் பேச்சாளருக்கு அனுப்பும் அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

பாடல் தாள் ஒன்றில் எட்டுப் பாட்டு போதும், அவையே மூன்று இரவும். மூன்றாம் இரவு புதியவரும் கூடவே முணுமுணுப்பார். கிராமங்களில் இரண்டாம் இரவு ஒரு கூத்துக் குழுவை வைத்து ஊதாரிக் குமாரன் கதையைத் தெருக்கூத்து பாணியில் அரைமணி நேரம் நடத்திப் பாருங்கள். கூத்து ஊறிய மண் இது. ஒரே சிக்கல், கூத்துக்காரர்கள் விடிய விடிய ஆடிப் பழகியவர்கள். அரைமணியில் நிறுத்த மேடையோரம் கண்டிப்பான ஆள் ஒருவர் வேண்டும்.

மூன்று இரவும் காணிக்கைப் பை வேண்டாம். செலவை முன்பே சபையாரிடம் திரட்டுங்கள். "காசு வாங்கத்தான் கூப்பிட்டாங்க" என்ற ஒரு வார்த்தை தெருவில் கிளம்பினால் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

எழுந்து வருகிறவர்களுக்கு

50 பேர் முன்வரலாம் என்று வைத்து 10 ஆலோசகர்கள், பாதிப் பேர் பெண்கள். பெண்களோடு பெண்களே பேச வேண்டும். தலையில் கை வைத்துத் தள்ளுவது, விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் போடுவது கூடாது. சர்க்கரை, வலிப்பு, மனநல மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் உரிமை மேடையில் யாருக்கும் இல்லை. மாறாக, "மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுங்க" என்று மைக்கில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

முன்வருகிறவர்கள் பக்கம் கேமரா திரும்பக் கூடாது, நேரலையில் நிச்சயமாகக் கூடாது. வீட்டுக்குச் சொல்லாமல் வந்த பெண் இருப்பார். 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரானால் பட்டியலினத் தகுதி போய்விடும் என்பதால், ஜெபத்துக்கு மட்டும் வந்தவரின் படம்கூட நாளை அவர் பிள்ளையின் சாதிச் சான்றிதழ் விசாரணையில் வந்து நிற்கலாம். அதே காரணத்தால் மைதானத்தில் உடனடி ஞானஸ்நானம் வேண்டாம். வகுப்புகள் முடித்து, அவர் யோசித்து, வீட்டாரிடம் பேசி, பிறகு.

முன்வந்தவர்களுக்காக நிரப்பும் அட்டையில் கேட்க வேண்டியவை: பெயர், தெரு அடையாளம், கைபேசி எண், வீட்டுக்கு வரலாமா, எந்த நேரம், யார் அழைத்து வந்தார். கடைசிக் கேள்விதான் முக்கியம், முதல் வீட்டுச் சந்திப்புக்கு அவரும் கூடப் போக வேண்டும். "வீட்டுக்கு வர வேண்டாம்" என்று எழுதியிருந்தால் போகாதீர்கள், போனில் மட்டும் பேசுங்கள்.

அட்டைகள் தொலைகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: ஆயரின் பை. எல்லாரும் நல்லெண்ணத்தோடு அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், அவர் ஊருக்குப் போன இடத்தில் பை திறக்கப்படாமலே இருக்கும். ஒவ்வொரு இரவும் 9 மணிக்கு, மைதானத்திலேயே ஒரு மேஜையில், இருவர் உட்கார்ந்து அட்டைகளை நோட்டில் ஏற்றி, தெருவாரியாகப் பிரித்து, அந்த 20 பேரில் யாருக்கு எது என்று கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகே விளக்கணைக்க வேண்டும்.

ஆறு வாரம்

முதல் சந்திப்பு 48 மணி நேரத்துக்குள், 15 நிமிடத்துக்கு மேல் இல்லை. ஒரு சுவிசேஷப் பிரதி கொடுத்து, அவர் சொன்ன ஜெபக் குறிப்புக்காக ஜெபித்துவிட்டு எழுந்து வாருங்கள். இரண்டாவது சந்திப்பு அந்த வாரக் கடைசியில். மூன்றாம் வாரம் முதல் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில், அதே தெருவைச் சேர்ந்த நாலைந்து பேரோடு, மாற்கு சுவிசேஷத்தை வாரம் ஓரிரு அதிகாரமாக வாசியுங்கள். அவர் ஆராதனைக்கு வரத் தொடங்கினால் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இருக்கட்டும். எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் தவிப்பதே பலரை இரண்டாம் ஞாயிறு வராமல் செய்கிறது.

தூரத்து ஊர்க்காரர் என்றால் அவர் ஊருக்கு அருகில் உள்ள சபையின் ஆயரிடம், எந்தப் பிரிவாக இருந்தாலும், அட்டையின் நகலைக் கொடுத்துவிடுங்கள். ஒடுகத்தூர்க்காரரை வாராவாரம் வேலூருக்கு வரச் சொல்வதில் அர்த்தமில்லை.

ஆறாம் வாரம் சனிக்கிழமை, 20 பேரும் நோட்டோடு உட்காருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கில் ஒன்று எழுதுங்கள்: தொடர்கிறார், வேறு சபையில் சேர்ந்தார், வேண்டாமென்றார், வீடு பூட்டியிருந்தது. நான்காவது வகைப் பெயர்களுக்கு மட்டும் அடுத்த செவ்வாய் மாலை 7 மணிக்கு மேல் இன்னொரு முறை போங்கள். பகலில் போயிருந்தால் அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள்.